ஊர் பார்க்கக் கடன் வாங்கலாமா?

குடும்பப் பொருளாதாரம்: குழுவாகக் கூடி வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்



விதைக்குக் கடன், உரத்துக்குக் கடன், பிள்ளையின் படிப்புக்குக் கடன் என்றெல்லாம் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இம்முறை பலரும் வாய்திறந்து பேசக் கூச்சப்படும் ஒரு கடனைப் பற்றிப் பேசுவோம். அது சுற்றுலாவுக்கு வாங்கும் கடன். நாலு நாள் வேன் கட்டிப் போய் வருவதற்காகக் கைமாற்றாகவோ, வட்டிக்கோ, நகையை அடகு வைத்தோ பணம் எடுக்கலாமா என்பதே கேள்வி.

"இடம்பெயர்ந்து நிற்கிற எங்களுக்குச் சுற்றுலா ஒரு கேடா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் கம்பளைச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு விசாரித்துப் பாருங்கள். பாடசாலை விடுமுறையும் திருவிழாக் காலமும் நெருங்கும்போது இந்தக் கேள்வி எழாத குடும்பம் குறைவு. ஆகவே இதை ஒளிக்காமல் எடுத்துப் பேசுவோம்.

முதலில் ஒரு கதை

இது நம் குழுக்களின் பேச்சுக்காக அமைத்த கதை. இதில் வரும் குடும்பம் எந்த ஒரு தனிக் குடும்பமும் அல்ல. ஆனால் கேட்கும்போது பலருக்குத் தம் வீட்டுக் கதை போலவே இருக்கும்.

மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்த ஒரு குடும்பம் கம்பளைக்கு அருகே வாடகை அறையில் இருக்கிறது. கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார் என ஐந்து பேர். அரை ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் போஞ்சியும் கறிமிளகாயும் போட்டிருக்கிறார்கள். கணவர் இடையிடையே கூலி வேலைக்கும் போகிறார்.

ஆகஸ்ட் மாதம் உறவினர்கள் இரண்டு வேன் பிடிக்கிறார்கள். மடுத் திருவிழா, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று நாலு நாள் பயணம். இந்தக் குடும்பத்தின் பங்கு, சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து 45,000 ரூபா. கையில் இருப்பது 6,000 ரூபா.

இரவில் பேச்சு இப்படிப் போகிறது.

"என்னங்க, பிள்ளைகள் கடலைப் பார்த்ததே இல்லை. மாமியும் சாகிறதுக்குள்ள ஒருதரம் மடு மாதாவைப் பார்க்கணும் என்கிறாங்க. என் காதுத் தோட்டை வச்சிட்டுப் போய் வருவமா?"

"தோட்டை வச்சா யார் மீட்கிறது? போஞ்சி வித்தா காணிக்காரருக்குக் குத்தகை கட்டணும். உரக் கடைக்கும் பாக்கி இருக்கு."

"நாம மட்டும் போகாம இருந்தா தம்பி வீட்டில என்ன நினைப்பாங்க? வீடு போனதோட மரியாதையும் போச்சு என்பாங்க."

கணவரிடம் பதில் இல்லை. பாய்க்குள் படுத்திருந்த மகள் தூங்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பேச்சில் மூன்று உண்மைகள் இருக்கின்றன. பிள்ளைகளின் ஆசை உண்மை. கடனின் பயம் உண்மை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற வேதனையும் உண்மை. இம்மூன்றில் எதையும் நாம் அற்பமாகத் தள்ளிவிடக் கூடாது.

ஓய்வு ஆடம்பரமா?

ஏழை மகிழ்ச்சிக்குச் செலவழித்தால் ஊதாரித்தனம், வசதியுள்ளவர் செலவழித்தால் விடுமுறை என்று பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நியாயமான பேச்சு அல்ல. வேலை செய்கிற உடலுக்கு ஓய்வு வேண்டும். இழப்பைச் சுமக்கிற மனதுக்கு அது இன்னும் அதிகமாக வேண்டும்.

நம் பகுதியில் இடம்பெயர்வு புதிய கதை அல்ல. 1979 முதல் 1985 வரை கொத்மலை அணைக்கட்டு வேலைகள் நடந்தபோது அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்கள் வயலையும் வீட்டையும் தண்ணீருக்கு விட்டு வெளியேறினார்கள். 1983 ஆம் ஆண்டின் வன்செயல்கள் பல குடும்பங்களை ஊர் விட்டு ஊர் துரத்தின. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மகாவலி பெருகிக் கம்பளை நகருக்குள்ளும் புகுந்தது.

இப்படி எல்லாம் இழந்த குடும்பத்தில் ஒரு நாள் சிரிப்பு என்பது மருந்து போன்றது. எனவே "போகாதே" என்பது இப்பாடத்தின் செய்தி அல்ல. "எந்தப் பணத்தில் போகிறோம்?" என்பதே கேள்வி.

பயணத்துக்கான கடன்: நம் முன்னோர் கண்ட பாடம்

பயணத்துக்காகப் பட்ட கடன் ஒரு மனிதரை எவ்வளவு காலம் கட்டிவைக்கும் என்பதை மலையகத் தமிழரைவிட அறிந்தவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். ஊரில் இருந்த பழைய கடனைத் தீர்க்கவும், வழிச் செலவுக்கும், சாப்பாட்டுக்கும் முற்பணம் கொடுத்தார்கள். அந்த மக்கள் கடல் தாண்டி மன்னாருக்கு வந்து, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து மலைக்கு ஏறினார்கள். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தவர்கள் பலர். இன்று வேனில் மடுவுக்குப் போகிறவர்கள் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே பார்ப்பது அவர்கள் நடந்து வந்த பகுதியைத்தான்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்த வழிச்செலவு முழுவதும் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. உழைக்கத் தொடங்கும் முதல் நாளே அவர் கடன்காரர். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் "துண்டு" வேண்டும். இவருடைய கடனைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று எழுதிக் கொடுக்கும் கடிதமே துண்டு. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டும், கடன் புதிய இடத்தில் மறுபடி அவர் பெயரில் ஏறும். ஆள் மாறிப் போனாலும் கடன் கூடவே போகும். இந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அன்று அவர்கள் பிழைப்புக்காகப் பட்ட கடனும் இன்று நாம் சுற்றுலாவுக்காகப் படும் கடனும் ஒன்றல்ல. ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. பயணம் சில நாட்களில் முடிந்துவிடும். கடன் முடியாது. திரும்பி வந்த பிறகு நாம் எங்கே வேலை செய்வது, யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதை அந்தக் கடனே தீர்மானிக்கத் தொடங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கதையில் வரும் குடும்பம் 45,000 ரூபாவையும் கடனாக எடுத்தால் என்ன ஆகும்? கீழேயுள்ள வட்டி வீதங்கள் கணக்கை விளங்கிக்கொள்வதற்கான எடுத்துக்காட்டுகள். உங்கள் ஊரில் உள்ள வீதத்தைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

1. தனியாரிடம் மாத வட்டிக்கு. நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 4,500 ரூபா வட்டி. பத்து மாதம் வட்டி மட்டும் கட்டினால் 45,000 ரூபா போய்விடும். ஆனால் முதல் 45,000 அப்படியே நிற்கும். "மாதம் பத்து" என்று கேட்கும்போது சிறியதாகத் தெரிகிறது. வருடத்துக்கு அது நூற்றுக்கு 120.

2. வாரக் கடன். வீட்டுக்கு வந்து குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் நுண்கடன். வருடத்துக்கு நூற்றுக்கு 24 என்று சொல்லி, முழுத் தொகைக்கும் ஒரேயடியாக வட்டி போட்டால், வட்டி 10,800. மொத்தம் 55,800. ஐம்பத்திரண்டு வாரம், வாரத்துக்கு ஏறத்தாழ 1,075 ரூபா. இதில் மறைந்திருக்கும் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு மாதம் கழிந்தபோது முதலில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நம் கையில் இருப்பது பாதிக் கடன்தான். ஆனால் வட்டி முழுக் கடனுக்கும் ஓடுகிறது. ஆகவே உண்மையான வட்டி சொல்லப்பட்ட வீதத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடன் எடுக்கும் முன் "குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா?" என்று கேட்க மறக்காதீர்கள்.

3. நகை அடகு. வங்கியில் வட்டி குறைவு என்பது உண்மை. வருடத்துக்கு நூற்றுக்கு 18 என்று வைத்தால் வட்டி 8,100 ரூபா. ஆனால் நகையின் முழுப் பெறுமதிக்கும் பணம் தரமாட்டார்கள். தவணையில் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் காணி இல்லை, வீடு இல்லை. காதுத் தோடும் கழுத்துச் சங்கிலியும்தான் வங்கிப் புத்தகம். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் கை போகும் இடம் அதுதான்.

4. மரக்கறி முதலாளியிடம் முற்பணம். "வட்டியே வேண்டாம், விளைச்சலை எனக்கே தா" என்பார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1,000 கிலோ போஞ்சியைச் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபா குறைத்து எடுத்தால் 20,000 ரூபா போய்விட்டது. வட்டி என்ற பெயர் இல்லாத வட்டி இதுவே.

5. திருவிழா முற்பணம். தோட்டங்களிலும் அரசாங்க வேலையிலும் உள்ளவர்களுக்குக் கிடைப்பது. வட்டி இல்லாதவரை மற்றவற்றைவிட நல்லது. ஆனாலும் பின்வரும் மாதச் சம்பளங்களில் வெட்டுவார்கள். வெட்டிய பின் மிஞ்சும் சம்பளத்தில் அரிசி வாங்க முடியுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

நாடு கண்ட அனுபவம்

நுண்கடன் நிதிக்கென 2016 இல் இலங்கையில் தனிச் சட்டம் வந்தது. ஆயினும் 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021 மார்ச் 8 ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அவர்களில் யாரும் ஆடம்பரத்துக்காகக் கடனில் விழுந்தவர்கள் என்று சொல்ல முடியாது. தொழிலுக்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வாங்கிய கடனே கழுத்தை நெரித்தது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று சங்கிலி நீண்டது.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி நாடே வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பொருட்களின் விலை முந்திய வருடத்தைவிட நூற்றுக்கு 70 அளவு ஏறியிருந்தது. கையில் இருந்த சம்பளம் பாதியாகிப் போனது போல் ஆயிற்று. ஆனால் கடன் தவணை யாருக்கும் பாதியாகவில்லை. இது நமக்குச் சொல்வது ஒன்றுதான். வருமானம் எப்போது விழும் என்று நமக்குத் தெரியாது. தவணை வரும் நாள் மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

விளையும் கடன், விளையாத கடன்

விதை வாங்கக் கடன் எடுத்தால், மழையும் விலையும் ஒத்துழைத்தால், நிலம் அதைத் திருப்பித் தரும். தையல் இயந்திரம் வாங்கினால் அது ஓடி உழைக்கும். இவை விளையும் கடன்கள். இவற்றிலும் ஆபத்து உண்டு. ஆனால் கடனைக் கட்ட ஒரு வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சுற்றுலாக் கடன் விளையாத கடன். பயணத்தின் இனிமை மனதில் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் தவணை கட்டும் பணத்தை அது தராது. அந்தப் பணம் வேறெங்கிருந்தோ வர வேண்டும். இடம்பெயர்ந்த விவசாயிக்கு அந்த "வேறெங்கோ" என்பது பெரும்பாலும் அடுத்த போகத்தின் விதைப் பணம், பிள்ளையின் கொப்பி புத்தகப் பணம், அல்லது தாயின் சாப்பாட்டுத் தட்டு.

ஆகவே கடன் வாங்கும் முன் குடும்பமாக உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: தவணைப் பணம் எந்த வருமானத்திலிருந்து வரும்? "எப்படியாவது கட்டுவோம்" என்பது பதில் அல்ல. எந்த மாதம், எந்தப் பயிர், யாருடைய கூலி என்று பெயர் சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவது: அந்த வருமானம் தவறினால் என்ன செய்வோம்? மழை அதிகமாகலாம். விலை விழலாம். ஒருவர் நோயில் படுக்கலாம். இவற்றில் ஒன்று நடந்தாலும் கட்ட முடியுமா?

மூன்றாவது: எதை ஈடாக வைக்கிறோம்? அது போனால் திரும்ப வாங்க எத்தனை வருடம் ஆகும்?

மூன்றில் ஒன்றுக்கேனும் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தக் கடனை எடுக்க வேண்டாம்.

எல்லாப் பயணமும் ஒன்றல்ல

பெற்றோரின் மரண வீட்டுக்குப் போவது, மகரகமை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போவது, காணி உறுதி அல்லது பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் பழைய ஊருக்குப் போவது ஆகியவை சுற்றுலா அல்ல. அவை தள்ளிப்போட முடியாத கடமைகள். அதற்குக் கைமாற்று வாங்குவதில் வெட்கம் இல்லை.

இனி, கதையில் வரும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். "அடுத்த வருடம் போகலாம்" என்று எண்பதை நெருங்கும் ஒருவரிடம் சொல்வது எளிதா? இல்லை. அடுத்த வருடம் என்ற ஒன்று அவருக்கு இல்லாமலும் போகலாம். ஆனால் பாட்டி மடுவுக்குப் போக வேண்டுமென்றால் ஐந்து பேரும் நாலு நாள் வேனில் போயாக வேண்டுமா? அவரோடு ஒருவர் துணைக்குப் போனால் போதாதா? மடுத் திருவிழா ஆகஸ்ட் 15 ஆம் திகதி. ஜூலை 2 ஆம் திகதியும் அங்கே திருநாள் உண்டு. திருவிழா அல்லாத நாளில் போனால் நெரிசலும் குறைவு, முதியவருக்கும் சுகம். ஆசையை அப்படியே வெட்டிவிடாமல், அதன் உள்ளே இருக்கும் உண்மையான தேவை எது என்று பிரித்துப் பார்த்தால் செலவு பல மடங்கு குறையும்.

சேர்த்துவைத்துப் போனவர்கள்

வறுமையில் இருந்துகொண்டே சுற்றுலா போன மக்கள் உலகில் பலர் உண்டு. அவர்கள் எப்படிப் போனார்கள்?

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பஞ்சாலைத் தொழிலாளருக்கு வருடத்தில் ஒரு வாரம் ஆலை மூடப்படும். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் அந்நாட்டில் 1938 இல்தான் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே அந்தத் தொழிலாளர் ஆலையிலும் தெருவிலும் சேமிப்புக் கழகங்கள் அமைத்து, வாரா வாரம் சில காசுகளைச் சேர்த்து, அந்த ஒரு வாரம் பிளாக்பூல் கடற்கரைக்குப் போனார்கள்.

சுவிற்சர்லாந்தில் 1939 இல் "ரேக்கா" என்ற பயண நிதிக் கூட்டுறவு தொடங்கியது. சாதாரணத் தொழிலாளர் குடும்பங்களும் விடுமுறைக்குப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். கடன் கொடுப்பதற்குப் பதிலாக, சிறுகச் சிறுகச் சேமித்துப் பயணம் போக அது வழி செய்தது. இன்றும் அது இயங்குகிறது.

நமக்கும் இது புதியதல்ல. இலங்கையின் முதலாவது சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் 1906 இல் கண்டிக்கு அருகே தும்பறைப் பகுதியில்தான் தோன்றியது. நம் பெண்கள் பிடிக்கும் சீட்டும் அதே எண்ணத்தில் பிறந்தது. ஆனால் சீட்டில் ஒரு கவனம் தேவை. முதலில் சீட்டை எடுப்பவர் உண்மையில் மற்றவர்களிடம் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவரே சேமிக்கிறார். பணத்தை எடுத்தவர் கட்டாமல் விட்டால் எல்லோருக்கும் நட்டம். ஆகவே தெரிந்தவர்களோடு, எழுத்துக் கணக்கோடு மட்டும் பிடியுங்கள்.

பயணப் பெட்டி: ஒரு திட்டம்

பதினைந்து குடும்பங்கள் சேருங்கள். குடும்பத்துக்கு வாரம் 250 ரூபா. நாற்பது வாரத்தில் ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபா. மொத்தம் 150,000 ரூபா. வேலை இல்லாத மழை மாதங்களில் வாரத்தைத் தவறவிட்டால் பின்னர் கட்டலாம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பணம் யார் வீட்டிலும் இருக்கக் கூடாது. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு. மூவரில் இருவர் கையொப்பம் இட்டால்தான் எடுக்கலாம். கூட்டத்தில் கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொப்பியை ஒப்படைத்தால் அவர்களும் கணக்குப் பழகுவார்கள்.

பத்தாயிரம் ரூபாவில் யாழ்ப்பாணம் முழுவதையும் பார்க்க முடியாது. ஆனால் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து, சோற்றுப் பார்சலையும் கட்டிக்கொண்டு போனால் நல்லதொரு நாள் கிடைக்கும்.

கிட்டவே இருப்பதையும் மறக்க வேண்டாம். பேராதனைப் பூங்கா 1821 இல் தொடங்கியது. மகாவலி மூன்று பக்கம் வளைத்து ஓடும் நிலத்தில் நூற்றைம்பது ஏக்கர் அளவில் விரிந்து கிடக்கிறது. உலகெங்கிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் அந்த இடத்துக்குக் கம்பளையிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போதும். கடலாதெனிய, லங்காதிலக விகாரைகள் கம்பளை இராசதானியாக இருந்த பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. நாம் வாழ வந்த ஊர் ஒரு காலத்தில் அரசர்கள் வாழ்ந்த ஊர் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். ரயில் பயணமே சில பிள்ளைகளுக்குப் பெரிய சுற்றுலா. 2025 புயலில் மலைநாட்டு ரயில் பாதை சேதமடைந்ததால், எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று கம்பளை நிலையத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

இப்போது முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். முப்பதாவது வாரத்தில், பயணத்துக்கு இன்னும் பத்து வாரம் இருக்கும்போது, மீண்டும் மண்சரிவு எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். பயணப் பெட்டியில் அந்தக் குடும்பத்துக்கு 7,500 ரூபா இருக்கிறது. அன்றே அதை எடுத்து அரிசி வாங்கலாம், மருந்து வாங்கலாம், முச்சக்கர வண்டி பிடிக்கலாம். பயணம் தள்ளிப் போகும், அவ்வளவே.

ஆனால் கடன் எடுத்துப் போய் வந்த குடும்பத்துக்கு அதே நாள் வந்தால்? தோடும் இல்லை, பணமும் இல்லை, அதற்கு மேல் தவணையும் நிற்கிறது. சேமித்த பயணப் பணம் ஆபத்து நாளில் அரிசியாக மாறும். கடன்பட்டுச் செலவழித்த பயணம் எதுவாகவும் மாறாது. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த நமக்கு இந்த வேறுபாடே பெரிது.

கதைக்குத் திரும்புவோம்

அந்தத் தாய் மறுநாள் தன் தம்பியிடம் நேரே பேசினார். "தம்பி, இந்த முறை எங்களால ஐந்து பேரும் வர ஏலாது. மாமியையும் மகளையும் மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க பங்கைத் தாறோம்." தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அக்கா, உண்மையைச் சொன்னா நானும் வட்டிக்குத்தான் எடுத்திருக்கிறேன்" என்றார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நாம் பயப்படுகிறோம். அந்த நாலு பேரும் நம்மைப் பார்த்து அதே பயத்தில்தான் இருக்கிறார்கள்.

வேன் மடுவோடு திரும்புவதென்று முடிவாயிற்று. நாலு நாள் இரண்டு நாளானது, இருவர் பங்கு 8,000 ரூபா. கையில் இருந்த 6,000 போக மீதி 2,000 ரூபாவைக் கணவர் அடுத்த வாரக் கூலியில் கொடுத்தார். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராதனைக்குக் கூட்டிப் போனார்கள். கடல் இன்னும் பாக்கி. அதற்காகத் தாயும் தம்பியும் சேர்ந்து பயணப் பெட்டி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள்.

தோடு இன்னும் காதில் இருக்கிறது.

குழுவில் கலந்துரையாட

1. கடந்த இரண்டு வருடங்களில் நம் குடும்பத்தில் விளையும் கடன் எத்தனை, விளையாத கடன் எத்தனை?

2. கதையில் வரும் கணவரின் இடத்தில் நீங்கள் இருந்தால் மனைவிக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? மனைவியின் இடத்தில் இருந்தால்?

3. உறவினர் முன் "எங்களால் முடியாது" என்று சொல்ல நம்மைத் தடுப்பது எது? அதை எப்படி மாற்றலாம்?

4. நம் பகுதியில் ஒரு நாளில் போய்வரக் கூடிய இடங்கள் எவை? பிள்ளைகளையே பட்டியல் போடச் சொல்லுங்கள்.

செய்து பார்க்க

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் கட்டம் கட்டி வரையுங்கள். எந்த மாதம் பணம் வரும் என்பதைப் பச்சை மையாலும், எந்த மாதம் குத்தகை, உரம், பாடசாலைச் செலவு வரும் என்பதைச் சிவப்பு மையாலும் எழுதுங்கள். பச்சை அதிகமுள்ள மாதத்தில் பயணப் பெட்டிக்குக் கூடுதலாகப் போடலாம். சிவப்பு அதிகமுள்ள மாதத்தில் யார் வந்து வேனுக்குப் பங்கு கேட்டாலும் தாளைக் காட்டி மரியாதையாக மறுக்கலாம். தாளைச் சுவரில் ஒட்டுங்கள். எல்லோரும் பார்க்கட்டும். முக்கியமாக, பாய்க்குள் தூங்காமல் படுத்திருக்கும் பிள்ளைகள் பார்க்கட்டும். வீட்டுக் கணக்கைத் தெரிந்து வளரும் பிள்ளை நாளைக்கு எளிதில் கடன் வலையில் விழாது.